வாக்கினின்று விடுவிப்பவர் யார்?

உள்நாட்டுக் காவலுக்கென நிறுத்திய சேமப்படையைக் கடல் கடத்திப் போருக்கு அனுப்புவது சர்க்காருக்குத் தகுமா? இதை ஆராயக் கனடாவின் சரித்திரம் நமக்குத் துணை செய்யும்.

1939இல் அந்நாட்டுப் பிரதம மந்திரி மக்கென்ஸி கிங், எவரையும் கட்டாயமாக அயல்நாட்டுப் போருக்கு அனுப்புவதில்லை என்று வாக்களித்தார். பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தார் அவ்வாக்கையே நம்பியிருந்தனர். 1940இல் கட்டாயமாகத் திரட்டிய படையும் உள்நாட்டுக் காவலுக்கே உரியதாயிற்று. 1942 ஏப்ரலில், அவ்வாக்கினின்று தம்மை விடுவிக்குமாறு அவர் தேச மக்கள் அனைவரையும் வேண்டினார். பெரும்பான்மையோர் இசைந்தனர், கியூபெக்கிலோ நூற்றுக்கு 70 பேருக்கு மேல் மறுத்தனர்.

கடனைத் தள்ளும் உரிமை கடன் கொடுத்தவனுக்கன்றோ உண்டு? ஊரார் கூடித் தள்ளினால் கணக்குத் தீருமா?

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தாமாக முன்வந்து ஐரோப்பாவில் பொருதவர்கள், காயம் ஆறியதும் மீண்டும் போர்முனைக்கு ஏவப்பட்டனர். உள்நாட்டிலோ பல்லாயிரவர் வாளாவிருந்தனர். இதுவும் அநீதியே. 1944 நவம்பரில் 16,000 பேரை அனுப்பக் கிங் இசைந்தார். டெரஸ் நகரில் படையினர் கலகம் செய்தனர். போர் முடியுமுன் களத்தை அடைந்தவர் 2,500 பேருக்கும் குறைவே.

எனினும் 1945 தேர்தலில் கியூபெக் அவரைக் கைவிடவில்லை. ஈராண்டுக்கு மேல் அவர் தயங்கியதையே தங்களுக்குக் காட்டிய மதிப்பாக அம்மக்கள் கொண்டனர் போலும். பெரும்பான்மையோர் அதிகாரம் அளிக்கலாம். சிறுபான்மையோரின் மன்னிப்பை அவர்கள் அளித்தல் இயலாது. அதனை ஆள்வோர் தாமே ஈட்டல் வேண்டும்.