பாமாயிலும் ஆகார சுத்தியும்

உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்னும் சாந்தோக்கிய உபநிடதக் கருத்துக்கு உரை கண்ட இராமானுசர் மரபு, உணவுக்கு நேரும் குற்றங்களை மூன்றாக வகுக்கிறது: பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம், அதை உடையவர் அல்லது கொடுப்பவர் வழியே வருவது ஆசிரய தோஷம், எச்சில், தூசி, கெட்டுப்போதல் போன்றவற்றால் நேர்வது நிமித்த தோஷம். சங்கரர் ஆகாரம் என்பதற்குப் புலன்கள் உள்வாங்கும் அனைத்தும் என்று பொருள் கொள்ள, விவேகானந்தர் இரண்டு விளக்கங்களும் வேண்டியவையே என்று தம் பக்தி யோகத்தில் எழுதினார்.

இந்த மூன்று குற்றங்களையும் வைத்துப் பாமாயிலைச் சோதித்துப் பார்க்கலாம். செம்பனைக் கனியின் சதையிலிருந்து பிழியப்படும் அந்த எண்ணெயைக் குளிர்வித்துக் கெட்டிப்பகுதியை நீக்கினால் கிடைக்கும் பாமோலின், தாவரப் பொருள் என்பதால் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியோடு ஜாதி தோஷம் என்னும் முதல் சோதனையில் எளிதில் தேறிவிடுகிறது. நிமித்த தோஷத்தில் அதன் நிலை வியப்பானது. சூட்டில் விரைவில் சிதையும் பல்நிறைவுறாக் கொழுப்பு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், மயிலாப்பூர் மாட வீதியின் பஜ்ஜிச் சட்டியில் அது சூரியகாந்தி எண்ணெயைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அந்த உறுதியைத் தரும் நிறைவுற்ற கொழுப்பே, ஏறக்குறைய பாதியளவு இருந்துகொண்டு, இரத்தத்தில் தீய கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்டிராலை உயர்த்துகிறது. டிரான்ஸ் கொழுப்பு நிறைந்த பழைய வனஸ்பதியைவிடப் பாமோலின் மேலானது, நல்லெண்ணெயைவிடக் கீழானது. (பாமாயிலைப் பழித்துக்கொண்டே, சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்புள்ள தேங்காயெண்ணெயைப் போற்றுவோர் இங்கே சற்று நிதானிக்கலாம்.)

ஆக, குற்றம் பொருளில் அன்று, அளவில் இருக்கிறது. அளவறிந்து உண்பதையே திருக்குறளின் மருந்து அதிகாரமும் வற்புறுத்துகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்படி அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமோலின் மலிவு விலையில் கிடைக்கிறது. நால்வர் கொண்ட வீட்டில் இது ஒருவருக்கு நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கும் குறைவு. அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்போ நான்கு கிராமைத் தொடாது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேல்வரம்பு ஏறத்தாழ 22 கிராம். ஏழையின் எண்ணெய் என்று இகழப்படுவது கண்ணுக்குத் தெரிந்து, அளந்து கொடுக்கப்படுகிறது. தி. நகரில் வாங்கும் மிக்சர் பொட்டலத்திலோ அது பொடியெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது; அடையாறு உணவகத்துப் பூரியில் அந்தப் பொடியெழுத்தும் கிடையாது. கொடுப்பவர் யார் என்று வினவும் ஆசிரய விசாரம், ரேஷன் கடைக்கு முன்பே இந்தக் கடைகளிடம் தொடங்க வேண்டியது.