அடுத்த டீச்சர் பேர் என்ன?

நண்பரின் மகள் மெல்போர்னில் பட்டப்படிப்பு படிக்கிறாள். வயசு பத்தொன்பது. லீவுக்குச் சென்னை வந்தவள், வீட்டுக்கும் வந்தாள். செல்போன் நிறைய போட்டோ. கம்போடியாவில் சியம் ரீப் என்று ஓர் ஊர். அதாங்க, அங்கோர்வாட் கோயில் இருக்கிற ஊர். அங்கே மூன்று வாரம் குட்டிப் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். சம்பளம் கிடையாது. இவள்தான் ஏஜென்சிக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறாள்.

“பெரிய மனசும்மா உனக்கு” என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

“இல்ல அங்கிள். கடைசி நாள் ஒரு பையன் கிட்ட வந்தான். ஏழு வயசு இருக்கும். அழப்போறான்னு நினைச்சு எனக்கே கண் கலங்கிடுச்சு. அவன் அழல. ‘அடுத்த டீச்சர் பேர் என்ன?’ன்னு இங்கிலீஷ்ல கேட்டான். ஒரு தப்பு இல்லாம கேட்டான் அங்கிள்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் தேவைதான். ஹோட்டல் வேலையோ, கைடு வேலையோ, சுற்றுலா ஊரில் இங்கிலீஷ்தான் சோறு. 1975-லிருந்து 79 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்ற நாடு அது. வாத்தியார்களும் தப்பவில்லை. அடுத்த பத்து வருஷம் வியட்நாமிய மொழிக்கும் ரஷ்யனுக்கும்தான் மரியாதை. இங்கிலீஷை ஒளிந்து ஒளிந்து படித்தார்கள். 1992-ல் ஐ.நா. படை வந்து இறங்கியதும் தலைகீழாக மாறியது. எல்லோருக்கும் இங்கிலீஷ் வேண்டும், சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் இந்த லீவு வாத்தியார்கள்.

இதில் தப்பென்ன என்கிறீர்களா? ஒரே ஒரு கேள்வி. உங்கள் குழந்தை படிக்கிற எல்.கே.ஜி. வகுப்புக்கு மூன்று வாரத்துக்கு ஒரு புது டீச்சர் வருகிறார். பயிற்சி கிடையாது. குழந்தையின் தாய்மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஒவ்வொருவரும் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சும்மா இருப்பீர்களா? பிரின்சிபால் ரூம் வாசலில் போய் நிற்க மாட்டீர்களா?

ஜப்பானைப் பாருங்கள். 1987-லிருந்து ‘ஜெட்’ என்ற திட்டத்தில் வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைக்கிறார்கள். பட்டம் வேண்டும். குறைந்தது ஒரு வருஷ ஒப்பந்தம். சம்பளம் உண்டு. வருகிறவர் உதவி ஆசிரியர்தான், உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்துதான் பாடம். ‘எங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமானால் இதெல்லாம் வேண்டும்’ என்று சொல்லக்கூடிய நாடு அது. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில்தான் நம் நல்ல மனசு செருப்போடு நுழைந்துவிடுகிறது.

நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே தீர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அனுபவம், போட்டோ, பயோடேட்டாவில் ஒரு வரி. ஏஜென்சிக்கு டாலர். பற்று யார் கணக்கில்? கம்போடிய அநாதை இல்லங்களை ஆராய்ந்தபோது, அங்கே இருந்த குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பது தெரிந்தது. உதவ வருகிறவர்கள் பெருகப் பெருக, அவர்களுக்குக் காட்ட ‘அநாதைகள்’ தேவைப்பட்டார்கள். 2018-ல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இந்த வியாபாரத்தைப் பற்றியும் பேச வேண்டி வந்தது.

1968-லேயே இவான் இல்லிச் என்ற பாதிரியார் இதை முகத்துக்கு நேரே கேட்டார். கோடை லீவில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் கூட்டத்தில் பேச அவரை அழைத்திருந்தார்கள். ஊரைப் பார்க்கப் போங்கள், கற்றுக்கொள்ளப் போங்கள், உதவுகிறேன் பேர்வழி என்று மட்டும் போகாதீர்கள் என்கிற அர்த்தத்தில் அவர் பேசினார்.

எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பத்தொன்பது வயசில் அடுத்தவர் குழந்தைக்காக லீவைச் செலவழிக்கத் தோன்றுவதே பெரிய விஷயம். அதைக் கேலி செய்ய, அந்த வயசில் சினிமா தியேட்டர் வாசலில் நின்ற எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நல்ல எண்ணம் என்பது பஸ் ஏறக் கொடுக்கிற டிக்கெட் மாதிரி. வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் இல்லை.

மறுநாள் அவளுக்கு போன் பண்ணினேன்.

“நீ பாடம் எடுக்கும்போது உள்ளூர் டீச்சர் யாரும் இல்லையாம்மா?”

“இருந்தாங்க அங்கிள். கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்திருப்பாங்க. நாங்க போறதும் வர்றதுமா இருப்போம், அவங்க அங்கேயேதான் இருப்பாங்க.”

“அவங்க பேர் என்ன?”

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “பசங்க ‘நெக் க்ரூ’ன்னு கூப்பிடுவாங்க. டீச்சர்னு அர்த்தம். பேர்... கேட்கல அங்கிள்” என்றாள்.

க்ரூ. நம்ம ‘குரு’தான் அங்கே போய் க்ரூ ஆகியிருக்கிறது.

திரும்பப் போவதாக இருந்தால், அந்தக் கடைசி பெஞ்ச் டீச்சருக்கு என்ன தேவை என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னேன். புத்தகமோ, பயிற்சியோ, சம்பளமோ, அல்லது ஒன்றுமே வேண்டாமோ... அதை அவர் சொல்லட்டும். நீங்களும் யாருக்காவது உதவக் கிளம்பும்போது, அந்த இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரின் பேரை முதலில் கேளுங்கள்.

அந்தப் பையன் கேட்டானே, அடுத்த டீச்சர் பேர் என்ன என்று? அது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பேராக இருக்க வேண்டும்.