படகில் இருந்த தலையணை

வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை ஆண்டுக்கு ஒரு முறை வாசித்து முடிப்பது, என் தகப்பனார் எனக்குப் பழக்கிவிட்டு, நான் நாற்பது ஆண்டுகளாக வழுவாமல் காத்துவந்த நியமம். மொத்தம் 1,189 அதிகாரங்கள்; வார நாட்களில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமையில் ஐந்துமாக வாசித்தால் மார்கழி முடிவதற்குள் கணக்கு நேராகிவிடும். வாசித்த அதிகாரத்தின் தலைப்பில் பென்சிலால் ஒரு கோடு இடுவேன். கடன் தவணையைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறவனுடைய நிம்மதி அப்போது உண்டாகும். காலையில் வாசித்தவற்றுள் ஒரு சொல்லாவது நடுப்பகலில் உன் நெஞ்சில் நின்றதா என்று எவரேனும் கேட்டிருந்தால், தலைகுனிவதைத் தவிர நான் வேறொன்றும் செய்திருக்க முடியாது.

சென்ற ஆடி மாதத்தில் என் கண்ணில் புரை நீக்கினார்கள். சில வாரங்களுக்குக் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றதால், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி தினமும் பள்ளிக்குப் புறப்படுமுன் எனக்கு வேதம் வாசிப்பது என்று ஏற்பாடாயிற்று. அவளோ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஒரு வசனத்துக்குள் மூன்று இடத்தில் நிற்பாள். நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். அதிகாரம் முடிவதற்கு வழியே இல்லை. ஐந்தாறு வசனங்களுக்குள் பள்ளி வண்டி வந்துவிடும்.

மாற்கு நான்காம் அதிகாரத்தில் கடலில் புயல் எழும்பும் இடம் வந்தது. 'பின்னணியம்' என்ற சொல்லில் தடுக்கி, அதை இரண்டாகப் பிரித்துச் சேர்த்து ஒருவாறு கடந்தவள், அதற்கடுத்த சொல்லில் தானாகவே நின்று, "தாத்தா, தலையணை யாரு கொண்டாந்தது?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சம்பவத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன், எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருப்பேன்! காற்றை இயேசு அதட்டுகிற இடத்துக்கு விரைவதிலேயே கண்ணாயிருந்த எனக்கு, அந்தப் படகிலே ஒரு தலையணை இருந்தது என்பது அன்றுவரை செவியில் விழவே இல்லை. மத்தேயுவும் லூக்காவும் அதே புயலை எழுதுகிறார்கள். தலையணையைச் சொல்லுகிறவர் மாற்கு ஒருவர்தாம். பகல் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்த எனக்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஆகாரம் இல்லை. சாயங்காலமானபோது சீஷர்கள் அவரை இருந்த கோலத்திலேயே படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆகையால் அவர் தம்முடன் ஒன்றும் கொண்டுவந்திருக்கமாட்டார். அது படகிலேயே கிடந்த ஒன்றாயிருக்கலாம். வைத்தவன் யார் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. அதை நான் கதைகட்டி நிரப்பவும் விரும்பவில்லை.

ஆனால் மாலையில் வேறொன்று தோன்றியது. நரிகளுக்கும் பறவைகளுக்கும் இருக்கிற இடம்கூடத் தமக்குத் தலைசாய்க்க இல்லை என்று அவர் சொன்னதை மத்தேயு எழுதியிருப்பது, இந்தப் புயலுக்குச் சில வசனங்களுக்கு முன்புதான்! தலைசாய்க்க இடமில்லாதவர் அன்றிரவு தலைசாய்த்த இடம், ஒரு செம்படவனுடைய படகின் பின்புறம். அது மனத்தில் பட்டவுடனே நான் யோசிப்பதை நிறுத்தி, என்னையறியாமலே ஜெபிக்கத் தொடங்கியிருந்தேன். என் வீட்டில், என் நாட்களின் நெருக்கடியில், உமக்கென்று அப்படி ஒன்றை எங்கேயாவது வைத்திருக்கிறேனா ஆண்டவரே என்பதற்கு மேல் அந்த ஜெபத்தில் வார்த்தை இல்லை.

இந்த அநுபவம் புதிதன்று என்பதையும், இதற்கென்று தொன்மையான ஒரு மார்க்கமே உண்டு என்பதையும் பிற்பாடுதான் உணர்ந்தேன். 6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் தம் மடத்தாருக்கு எழுதிய நியமத்தின் 48-ஆம் அத்தியாயத்திலே, கைவேலைக்கும் தெய்வீக வாசிப்புக்குமாக நாளைப் பகுத்து வைத்தார். 12-ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையிலுள்ள கார்த்தூசிய மடத்தின் தலைவராயிருந்த இரண்டாம் குயிகோ, வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம் என்று நான்கு படிகளுள்ள ஏணியாக அதை வருணித்தார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் அதன் ருசியைக் காண்கிறது, தரிசனமோ அந்த இனிமையேதான் என்பது அவருடைய உவமானம். நான்காம் படி நம் முயற்சியால் ஏறுவதன்று. ஜெபம் முடியட்டும் என்று காத்திராமல் நடுவிலேயே ஆண்டவர் வந்துவிடுகிறார் என்று அவர் எழுதுகிறார். அந்தப் படியைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமில்லை. மெல்லுவதைப் பற்றி மட்டும் சொல்லக்கூடும்.

முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானிக்கிறவனைப் பற்றி வருகிற இடத்தில், எபிரெய மூலத்திலுள்ள சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்று பொருள். இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயா அதே சொல்லை ஆளுகிறார். தியானம் என்றவுடன் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பழங்காலத்தவரோ வாயைத் திறந்தார்கள். அம்புரோசியார் உதடு அசையாமல் வாசித்ததை அகுஸ்தீனார் தம் நூலில் எழுதிவைக்கும் அளவுக்கு அது கவனத்துக்குரிய காட்சியாயிருந்தது. என் பாட்டி அரிக்கேன் விளக்கடியில், வரியின்மேல் விரலை ஓட்டி, கேட்டும் கேளாததுமான குரலில் சங்கீதம் வாசித்ததை, படிப்பு குறைந்தவர்களின் வழக்கம் என்று நான் இளமையில் எண்ணியிருந்தேன். பசு மேய்ந்ததை மர நிழலில் படுத்து அசைபோடுவதுபோல, வாசித்த ஒரே சொல்லைக் குழம்பு கூட்டும்போதும் கோழிக்கு இரை போடும்போதும் அவர் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அவர் அறிந்திருந்ததை நான் அறியவில்லை.

ஆனால் இப்படி நிதானமாக மென்று வாசிப்பது என்பது மனம்போனபடி புரட்டுவது ஆகாது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்வதும், புத்தாண்டு ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையை மட்டும் ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்வதும், நாம் கேட்க விரும்புவதையே கேட்கச் செய்துவிடும் என்று அஞ்சுகிறேன். தபசுகாலத்தில் பெற்றுக்கொண்ட நூலை ஒவ்வொருவரும் முதலிலிருந்து வரிசையாக முற்றிலும் வாசிக்கவேண்டும் என்று பெனடிக்ட் கட்டளையிட்டதில் பெரிய விவேகம் இருக்கிறது. வரிசையாகப் போகும்போதுதான் நமக்குப் பிடிக்காத வசனமும் எதிரே வந்து நிற்கும். அத்தகைய நாட்களில் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அந்த வறட்சியையும் குறைவென்று இப்போது நான் கருதுவதில்லை.

கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. சிறு எழுத்தும் தெரிகிறது. ஆனாலும் காலையில் வாசிப்பவள் பேத்திதான். ஆடியில் தொடங்கிய மாற்கு சுவிசேஷத்தில், மார்கழி பிறந்த இன்று, ஆறாம் அதிகாரத்தின் ஐந்து அப்பங்களை வந்தடைந்திருக்கிறோம்.