வெள்ளோட்டம்

புதிதாகத் தேர் செய்து முடித்தால், சுவாமியை அதில் எழுந்தருளச் செய்வதற்கு முன்னால் ஒரு முறை வெறும் தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அச்சு தாங்குமா, சக்கரம் தடையின்றி உருளுமா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். தேர் மரத்தால் ஆனது. மரத்துக்கு மனம் கிடையாது. வெள்ளோட்டத்தில் ஓடிய தேர் திருவிழாவிலும் ஓடும் என்று நம்பலாம். ஆனால் உயிருள்ள ஒன்றை அப்படி ஓட்டிப் பார்த்து, ‘இது இவ்வளவுதான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா?

இந்தக் கேள்வி டி. கல்லுப்பட்டிக்கு அருகே ஒரு விடியற்காலையில் எனக்குள் புகுந்தது.

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிற சாலையில் இருக்கிறது கல்லுப்பட்டி. 1940-ஆம் ஆண்டில் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமமும், பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தை அங்கே கழித்தார் என்பதும் அந்த ஊருக்குப் பெருமை. நான் போன காரியமோ அவ்வளவு பெருமை உடையதன்று. என் மைத்துனருக்குப் பந்தய மாடு வாங்கும் ஆசை வந்திருந்தது. பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து, ஓர் எல்லை வரை போய்த் திரும்பும்படி வண்டியோட்டுகிற பந்தயம் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். ஒரு காலத்தில் பந்தய வண்டிக்குச் சாரதியாக இருந்த பெரியவர் ஒருவரையும் துணைக்கு அழைத்துப் போயிருந்தோம்.

மாட்டுக்காரர் ஒரு மைல் தள்ளியிருந்த பாலம் வரைக்கும் வண்டியை மெல்ல நடத்திக் கொண்டு போனார். அங்கிருந்து திருப்பி ஓட்டி வந்தார். கரிசல் காட்டு நடுவே அந்த இரண்டு காளைகளும் வந்த வேகம் இருக்கிறதே! கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. “அப்பா, என்ன ஓட்டம்!” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். மைத்துனர் அப்போதே மடியில் கை வைத்துவிட்டார்.

பெரியவர் மட்டும் அசையவில்லை. “தம்பி, நீங்க மாட்டைப் பாத்தீக. நான் ரோட்டைப் பாத்தேன்” என்றார். பாலத்திலிருந்து இந்தப் பக்கம் முழுவதும் இறக்கம். காற்றும் பின்னாலிருந்து அடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடுகள் ஓடி வந்தது தங்கள் தொழுவத்தை நோக்கி. “தண்ணித் தொட்டியப் பாத்து எந்த மாடும் ஓடும். பக்கத்துல இன்னொரு வண்டியப் போட்டு, அந்தப் பக்கமா ஓட்டச் சொல்லுங்க.”

ஓட்டினார்கள். அரை மைல் போவதற்குள், பக்கத்து வண்டியின் சத்தம் நெருங்க நெருங்க வலப்பக்கத்து மாடு மிரண்டு பின்வாங்கியது. மைத்துனரின் கை மடியிலிருந்து இறங்கியது. திரும்பி வரும்போது பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: “தனியா ஓட்டினாத் தூங்கி விழுகிற மாடு, பக்கத்துல வண்டிச் சத்தம் கேட்டாப் பறக்கும். அதையும் கண்டிருக்கேன்.”

சீமையில் நாய்ப் பந்தயம் நடத்துகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். 1926-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி மாஞ்செஸ்டர் நகரத்து பெல் வியூ மைதானத்தில் இயந்திர முயலின் பின்னே கிரேஹவுண்ட் நாய்கள் ஓடிய நாள் முதல் அங்கே அது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பந்தயத்துக்கு முன் நாயை ஓட்டிப் பார்த்து நேரம் குறிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தை மட்டும் பார்ப்பதில்லை. தனியாக ஓடியதா, துணையோடு ஓடியதா? மணல் ஈரமா, காய்ந்ததா? திருப்பத்தில் இடித்துக்கொள்ள வேறு நாய் இருந்ததா? இவ்வளவையும் கேட்ட பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்புப் போடுவார்கள். பிராணிகளை இப்படி ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. 2014-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றமே ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்து எழுப்பிய கேள்வி அது. நான் இங்கே சொல்ல வந்தது ஓட்டிப் பார்க்கிறவரைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கதை எழுதுகிறவன் என்பதற்காக என்னையும் தேர்வுக் குழுவில் உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஓர் இளைஞர் மேடைப் பேச்சுப் போல முழங்கினார். அடுத்து வந்த பெண்ணுக்குக் குரல் நடுங்கியது. சாக்கட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு பையனிடம் போய், குனிந்து ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பார்த்தும், என் தாளில் ‘குரல் போதாது’ என்று எழுதினேன். வேலை இளைஞருக்குப் போயிற்று.

காளைக்குத் தன்னை ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்ததும், வீட்டில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து யாரேனும் இருந்திருக்கக் கூடியதும் அவளுடைய பாதையில் இருந்த மேடுகள். நான் அவளைப் பார்த்தேன், பாதையைப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அதுதான் என்னை உறுத்துகிறது. மாட்டைத் தவறாக மதித்திருந்தால் நஷ்டம் மைத்துனருக்கு. மறுவாரமே பந்தயத்தில் தெரிந்துவிடும். அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருப்பார். மனிதரைத் தவறாக மதித்தால் நஷ்டம் மதிப்பிட்டவருக்கு இல்லை. அது வேறொருவர் வீட்டு அடுப்பில் போய் விழுகிறது. நமக்குச் செய்தியே வருவதில்லை. செய்தி வராததால், நம் கணிப்பு ஒருநாளும் பிசகியதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பெண் பார்க்கப் போன வீட்டிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் அறையிலும் நாம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து வருவதற்கு இதுதான் காரணமோ?

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பெயரும் மறந்துவிட்டது. உடைந்த சாக்கட்டியும் அந்தப் பையனின் சிரிப்பும் மட்டும் நினைவில் நிற்கின்றன.

இப்பொழுதும் எப்போதாவது என்னை அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார அழைக்கிறார்கள். ஒரு நிபந்தனையோடுதான் போகிறேன்: முதல் நாள் தடுமாறியவரை இன்னொரு நாள், நாங்கள் யாரும் எதிரில் உட்காராமல், குழந்தைகளோடு மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். இதனால் வேலை தாமதமாகிறது என்று சிலருக்கு வருத்தம். ஒரு மாட்டுக்காகப் பெரியவர் அரை மைல் கூடுதலாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மனிதருக்காக நாம் ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா?