பழமையின் எல்லை

பழையனவற்றைப் பேணுதல் அறம் என்பதை மறுப்பார் இலர். ஆயின், எதனைப் பழமை எனக் கொள்வது, அதனை யார்பொருட்டுப் பேணுவது, அதற்காகும் சுமையை யார் தாங்குவது என்னும் வினாக்கள் எழும்போது, அவ்வறம் முதலில் தோன்றிய அளவு எளிதன்று என்பது புலனாகின்றது.

அக்குறணையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிற் கண்டி நகர் உள்ளது. கடைவீதிகளின் நெரிசலுக்கும் பேருந்துகளின் இரைச்சலுக்கும் அப்பால், ஏரிக்கரையை ஒட்டி வேறோர் உலகம் விரிகின்றது. தலதா மாளிகை, அதன் முகப்பிலுள்ள எண்கோண மண்டபம், மரத்தூண்கள் தாங்கும் மகுல் மடுவ, நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கண்ணகி பத்தினித் தெய்வமாக வழிபடப்பெறும் பத்தினி தேவாலயம் ஆகியன அங்கு அணித்தணித்தாக அமைந்துள்ளன. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்புனித நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

அம்மகுல் மடுவவிலேயே 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேய முடியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் 125 ஆண்டுகள் கழித்து, 1940இல் இயற்றப்பட்ட தொல்பொருட் கட்டளைச்சட்டம், தொல்பொருள் யாது என வரையறுக்கையில் அதே நாளை எல்லையாகக் கொண்டது. பிற்காலக் கட்டடங்கள் சிலவற்றைத் தனி அறிவித்தலாற் காக்க இடமிருந்ததேனும், ‘பழமை’ என்னும் சொல்லின் பொருள் ஓர் அரசு வீழ்ந்த நாளோடு கட்டுண்டது. அரசரின் மண்டபம் இயல்பாகவே தொல்பொருளாயிற்று. அந்நாளுக்குப் பின்னர் எழுந்த வணிகர் கடையும் தொழிலாளர் குடியிருப்பும் அத்தகுதியை இரந்து பெறவேண்டியனவாயின.

எல்லையின்றிச் சட்டம் இயலாது என்பர். அது மெய்யே. கண்டதெல்லாம் காக்கப்படின் நகர் உயிரற்ற காட்சிச்சாலையாகிவிடும். எனினும், எல்லை வகுப்பது வெறும் கணக்கன்று. எவரது வாழ்வு நினைக்கத்தக்கது என்னும் தீர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அமைத்த ஏரியின் அழகை வியக்கும் கண்களுக்கு, இராசகாரிய முறையின் கீழ் மண் சுமந்தோரின் முதுகுகள் தெரிவதில்லை. அவர்தம் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. ஏரியைக் காப்பதும் அவர்களை மறப்பதும் ஒருங்கே நிகழுமாயின், அக்காப்பு முழுமையுடையது ஆகாது.

கல்லே பழமையின் இருப்பிடமும் அன்று. 1998 சனவரி 25ஆம் நாள் நிகழ்ந்த குண்டுத்தாக்குதலில் உயிர்கள் மாண்டன; தலதா மாளிகையும் பெருஞ்சேதமுற்றது. பின்னர் அது திருத்தியமைக்கப்பட்டது. புதுக்கிய பகுதிகளைப் போலியெனக் கூறி எவரும் வணங்காது திரும்பவில்லை. கைவினைஞரின் திறனும், நாடோறும் முழங்கும் வழிபாட்டு மேளமும் அறாது தொடர்ந்தமையால் அவ்விடம் அவ்விடமாகவே நிலைத்தது.

இவ்வுண்மையை அக்குறணை மற்றொரு வகையில் உணர்த்துகின்றது. கண்டி மன்னர் காலத்தில் அராபியர் சிலர் வந்து குடியேறினர் என்பது அவ்வூரில் வழங்கும் செவிவழி மரபு. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைவீதி வெள்ளத்தில் மூழ்குகின்றது. நீர் வடிந்ததும் கடைகள் மீண்டும் திறக்கின்றன. வருவோர் வியந்து நோக்கும் அரண்மனை அங்கில்லை. எனினும் வணிகத்திலும், பள்ளிவாசலைச் சூழ்ந்த வாழ்விலும், மூத்தோர் வாய்மொழியிலும் ஒரு நெடிய வரலாறு உயிர்ப்புடன் இருக்கின்றது. பட்டியலில் இடம்பெறாமையால் அது வரலாறு அன்று எனல் பொருந்துமா?

ஆதலின், பேணுதல் என்னும் கடமை கட்டடத்துக்கு மட்டும் உரியதன்று. அதனை ஆக்கியோர்க்கும், அதனுள் வாழ்வோர்க்கும் உரியது. பழைய வீட்டை மாற்றலாகாது என ஒருவனைப் பணிக்கும் சமுதாயம், ஒழுகும் கூரையைச் செப்பனிடும் செலவிலும் பங்கேற்றல் வேண்டும். பயன் அனைவர்க்கும், சுமை ஒருவனுக்கு என்பது நீதியாகாது. எதைக் காத்தோம் என்பதோடு யாரை நினைத்தோம் என்பதையும் சேர்த்தே, பின்வரும் தலைமுறை இத்தலைமுறையின் அறத்தை அளந்தறியும்.