தானமும் ஊர்ச்சபையும்

தானம் கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர்க்கும் செயலா, எல்லோருக்கும் உரியதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதா என்பது பழைய கேள்வி. ஆதிசங்கரர் தம் கீதை உரையில், இயன்ற அளவு பகிர்ந்துகொள்வதே தானம் என்கிறார். காந்தியின் சீடர் வினோபா பாவே, நிலமுடையோரிடம் நிலத்தைத் தானமாகப் பெற்று நிலமற்றோருக்குக் கொடுக்கும் பூதான இயக்கத்துக்கு இந்த விளக்கத்தையே அடித்தளமாக்கினார். நிலமும் காற்றைப்போல, நீரைப்போலப் பொதுவானது என்றால், அதைக் கொடுப்பவர் வள்ளல் ஆகமாட்டார். பெறுபவரும் இரவலர் அல்லர்.

தெலங்கானாவில் உழவர்களின் ஆயுதப் போராட்டம் முற்றிலும் ஓயாத 1951-இல், ஏப்ரல் 18 அன்று, போச்சம்பள்ளியில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் வினோபாவிடம் 80 ஏக்கர் கேட்டனர். அவர் கோரிக்கையை ஊராரிடமே வைத்தார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். அதன்பின் வினோபா ஊர் ஊராக நடந்தார். ஐந்து மகன்கள் இருக்கும் வீட்டில் தம்மை ஆறாவது மகனாக எண்ணி ஆறில் ஒரு பங்கு தரும்படி கேட்டார். இலக்கு 5 கோடி ஏக்கர்; கிடைத்தது 40 லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் கணிசமான பகுதி பாறை, தரிசு, வழக்கில் கிடந்த நிலம். எந்த நிலத்தைக் கொடுப்பது என்று உடைமையாளரே தீர்மானித்ததால், பெறுபவரின் குரலுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. பூதானத்தின் ஆழமான குறை இதுதான்.

இந்தக் குறைக்கு விடையாக அமைந்தது கிராமதானம். 1952-இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் தன் நிலத்தை ஊருக்கே ஒப்படைத்தது. கிராமதானத்தில் நில உரிமை கிராம சபையின் பெயருக்கு மாறும். இருபதில் ஒரு பங்கு நிலமற்றோருக்குப் போகும். மீதியை அவரவர் உழலாம், ஊருக்கு வெளியே விற்க முடியாது. விளைச்சலில் நாற்பதில் ஒரு பங்கு கிராம நிதிக்கு. நிலம் இல்லாதவரும் சபையில் சமமாக அமர்வார்; முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்படும். ஆனால் சாதியும் கடனும் ஆளும் ஊரில், எளியவரின் மௌனத்தையும் சம்மதமாகக் கணக்கில் எழுதிவிட முடியும். பல கிராமதானங்கள் காகிதத்தோடு நின்றதற்கு இந்த அதிகார ஏற்றத்தாழ்வும் முக்கியக் காரணம்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், கோண்டு பழங்குடியினர் வாழும் மேண்டா லேகா கிராமம் வேறு வரிசையில் நடந்தது. அங்கே ஒருமித்த முடிவு என்னும் பழக்கம் முதலில் வேரூன்றியது. ஊரார் கூடிப் படித்து விவாதிக்கும் குழுக்கள் அதற்குத் துணைநின்றன. வன உரிமைச் சட்டத்தின்படி 2009-இல் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. 2011-இல் மூங்கிலை வெட்டி விற்கும் அதிகாரமும் கிராம சபையின் கைக்கு வந்தது. கூடிப் பேசி, காட்டை ஆண்டு, வருமானத்தைப் பொதுவில் கையாண்டு பழகிய பிறகுதான், 2013-இல் ஊரார் தங்கள் சொந்த நிலத்தை மாநிலத்தின் 1964-ஆம் ஆண்டு கிராமதானச் சட்டத்தின்கீழ் சபைக்குக் கொடுத்தனர்.