சுவரில் ஒரு குளம்

வீட்டில் ஒரு வெற்றுச் சுவர் இருந்தால் மனம் அதைச் சும்மா விடுவதில்லை. பூசிய வண்ணத்தின் வாசனை போவதற்குள் அங்கே என்ன மாட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. மலையோ கடலோ, பிள்ளைகள் மணலில் விளையாடும்போது எடுத்த புகைப்படமோ, எதுவானாலும் இன்று எளிது. செல்பேசியிலிருந்து அனுப்பினால் போதும். அது கேன்வாஸ் துணியில் அச்சாகி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு, வாசலுக்கே வந்து சேர்கிறது. ஆணி அடிப்பதுதான் பாக்கி.

இந்த ஆசையை நாம் கடிந்துகொள்ள வேண்டாம். அழகை அருகே வைத்துக்கொள்ள விரும்புவது மனத்தின் இயல்பு. கடலின் படத்தை மாட்டுகிறவர், ஒருநாள் கடல்முன் நின்றபோது தமக்குள் ஏதோ ஒன்று அடங்கியதே, அதை மாட்டிவைக்க விரும்புகிறார். அந்த அடக்கத்தை மறுபடி தொட முடியும் என்று அவருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்யானதல்ல.

நம் வீடுகளுக்கு இந்தத் தேடல் புதிதும் அல்ல. ரவி வர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் ஒருகாலத்தில் அரண்மனைகளிலும் செல்வர் மாளிகைகளிலுமே இருந்தன. அவற்றை அச்சில் பெருக்கலாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் எழுந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல். நிறத்தின்மேல் நிறமாக அச்சிட்டு, முடிவில் வார்னிஷ் பூசினால் எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு வந்துவிடும். லட்சுமியும் சரஸ்வதியும் அப்படித்தான் எளியவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த அச்சுப் படங்களை மட்டமாகப் பேசிய கலை அறிஞர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அசலா நகலா என்ற கேள்வி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரியது. அந்த லட்சுமியின்முன் விளக்கேற்றியவர்களுக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. கண்ணாடிமேல் குங்குமம் இட்டார்கள். வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள். பார்த்த முகத்தையே மறுநாளும் வந்து பார்த்தார்கள். பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்தது.

நம் சுவரில் நடப்பது வேறு. படம் மாட்டிய அன்று நாலைந்து முறை எழுந்து வந்து பார்க்கிறோம். ஒரு வாரத்தில் பார்வை அதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு மாதத்தில் தொடுவதும் இல்லை. பிறகு மனம் அடுத்த சுவருக்குப் போகிறது. படுக்கையறையில் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும், மாடிப்படி ஓரம் வெறிச்சென்று கிடக்கிறதே என்கிறது. கையில் இருப்பது சலிக்கிறது, கைக்கு வராதது அழைக்கிறது. நிறைவு அடுத்த படத்தில் இருக்கிறது என்று ஒரு குரல் மெல்லச் சொல்கிறது. அந்தப் படமும் வந்துவிட்டால், அதற்கும் அடுத்ததில் என்று சொல்கிறது. அந்தக் குரலை விரட்டாமல் சற்றே கவனித்துக் கேளுங்கள். படத்தைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் படங்களில் ஒன்று ஓவியர் கிளோத் மோனேயின் அல்லிக்குளம். 1893-இல் பிரான்சின் ஜிவெர்னி கிராமத்தில், தம் வீட்டை அடுத்த நிலத்தை வாங்கிக் குளம் வெட்டினார் அவர். பின்னர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதையே வரைந்தார். சுமார் 250 ஓவியங்கள். அதே நீர், அதே இலைகள். ஆனால் காலையில் ஒரு குளம், முகில் மூடிய பிற்பகலில் வேறொரு குளம். கண்புரை வந்து நிறங்கள் திரிந்தன. 1923-இல் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போதும் அதே குளம். முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாள், தம் ஓவியங்களை நாட்டுக்குத் தருவதாக நண்பரும் பிரதமருமான கிளெமான்சோவுக்கு எழுதினார். பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் அவற்றுக்கென்றே இரண்டு நீள்வட்டக் கூடங்கள் அமைந்தன. மூலையே இல்லாத சுவர்கள். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் நம்மைச் சூழ்ந்து நிற்கும். உழைத்துக் களைத்தவர்கள் வந்து இளைப்பாறும் இடமாக அது இருக்க வேண்டும் என்று மோனே விரும்பினார். 1927-இல் அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை. முந்தைய டிசம்பரில் மறைந்திருந்தார்.

முப்பது ஆண்டுகள் பார்த்தும் அவருக்குத் தீராத குளம், நமக்கு முப்பதே நாளில் தீர்ந்துபோகிறது. குறை அச்சில் இல்லை. (அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பை மூன்றடிக்குள் சுருக்குவது எனக்குப் பிடிக்காது என்பது வேறு. ஓர் ஓரத்தை மட்டும் எடுத்து அச்சிட்டால் அதில் மூச்சுவிட இடம் இருக்கும்.)

கேன்வாஸ் அச்சில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பெரும்பாலும் அதற்குக் கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடி போட்ட படத்தின்முன் அமர்ந்தால் டியூப் லைட் தெரியும், ஜன்னல் தெரியும், நம் முகமும் தெரியும். இங்கே அவை குறுக்கே வருவதில்லை. நிறத்தின் அடியில் துணியின் இழைகூடத் தெரிகிறது. அதன்முன் சிறிது நேரம் அமர்வோம். இது இலை, இது நீர் என்று பெயர் சொல்லாமல், நீலத்தை நீலமாகவே இருக்க விடுவோம். மின்கட்டண நினைவு வரும். நேற்று யாரோ சொன்ன சொல் வரும். வந்தவை வந்தபடி போகட்டும். மீண்டும் நீலத்துக்குத் திரும்புவோம். மறுபடி அவை வரும், மறுபடி திரும்புவோம். திரும்பத் திரும்ப மனம் இலேசாகும். அதற்குப் பெரிய பயிற்சி ஏதும் தேவையில்லை.

மரபான ஜப்பானிய வீட்டில் டோக்கோனோமா என்றொரு மாடம் உண்டு. அதில் பெரும்பாலும் ஒரே ஒரு சுருள் ஓவியம் தொங்கும். பருவம் மாறினால் அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து வேறொன்றை மாட்டுவார்கள். தேநீர்ச் சடங்குக்கு வருபவர் முதலில் அதன்முன் அமர்ந்து, வணங்கி, நிதானமாகப் பார்த்துவிட்டே தம் இடத்துக்குப் போவார். உள்ளே சுருட்டி வைத்திருப்பவற்றை அப்போது யாரும் கேட்பதில்லை.

எந்தப் படம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், இருக்கும் படம் எங்கே தொங்குகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் சோபாவுக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்கிறார்கள், வீட்டுக்காரர்கள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கழற்றி, நீங்கள் காலையில் காபி குடிக்கும் இடத்துக்கு எதிரே, அமர்ந்த நிலையில் கண் எட்டும் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். ஓதம் ஏறிய சுவர் வேண்டாம், துணியில் பூஞ்சை பிடிக்கும். மேற்கு வெயில் நேராக விழும் சுவரும் வேண்டாம், நாளடைவில் நிறம் வெளிறிவிடும்.